வாய்க்கு வராத ஊர்ப்பெயர்

சோற்றுக் கஞ்சி போட்டு வெயிலில் காய்ந்து மொடமொடவென்று நிற்கும் தாவணியிலிருந்து லேசாக ஒரு புளித்த வாடை வரும். இன்றைக்கும் அது எங்கேயாவது மூக்கில் பட்டுவிட்டால் போதும், திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூட மண்டபமும், நிறைய நாற்காலிகளும், எல்லோருக்கும் முன்னால் வாய் திறக்காமல் நிற்கிற என் அக்காவும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகிறார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் பாவாடை கட்டிக்கொண்டிருந்த வயது.

அக்கா கமலா அப்போது பதினோராம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். ஆத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அதாவது அப்பாவின் மூத்த சகோதரி, தன் ஒரே மகனுக்கு அக்காவைக் கேட்டு அந்த வருஷமே வெற்றிலை பாக்கு மாற்றிப் 'பரிசம்' போட்டுவிட்டுப் போயிருந்தாள். மாப்பிள்ளை பெயர் பழனிச்சாமி. தென்னந்தோப்பும் கிணற்றுப் பாசனமும் உண்டு. நல்ல மனிதர், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அக்காவுக்கு டீச்சராக வேண்டும். 'ட்ரெய்னிங்' என்று அவள் அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது, மற்ற பெண்கள் நகைக்கடை என்று சொல்லும்போது வருகிற வெளிச்சம் அவள் முகத்தில் வரும். இரண்டே வருஷப் படிப்புதான். தலைமையாசிரியை வீடு தேடி வந்து அப்பாவிடம் பேசிப் பார்த்தார். தேங்காய் வியாபாரத்தில் ஊறிய எங்கள் அப்பா எதற்கும் உடனே மாட்டேன் என்று சொல்ல மாட்டார். விலையை ஏற்றித்தான் ஆளைத் துரத்துவார்.

"ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பொது அறிவுப் போட்டி வைக்கிறாகளாமே, பயலுகளும் வாராகளாம், அதுல இவ ஜெயிச்சுட்டு வரட்டும் டீச்சரம்மா. ஜெயிச்சா ரெண்டு வருசம் பொறுத்துக்கன்னு எங்கக்காகிட்ட நானே பேசுறேன். இல்லேன்னா வார தையில முகூர்த்தம்" என்றார். பயல்களோடு மோதி ஒரு பொட்டைப்பிள்ளை ஜெயிக்காது என்பதில் அவருக்கு அம்புட்டு நம்பிக்கை.

அக்கா அதை வாக்காகவே எடுத்துக்கொண்டாள். பாத்திரம் தேய்த்தபடியே நாடுகளின் தலைநகரங்களைச் சொன்னாள், தண்ணீர் இறைத்தபடியே ஆறுகள் எங்கே பிறந்து எங்கே கடலில் விழுகின்றன என்று சொன்னாள். நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே அலைந்து கேள்வி கேட்பேன். அவளை மடக்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் கிடைத்தது. கடையில் வாங்கிய பஞ்சாமிர்த டப்பாவை நீட்டி, "இது எந்த ஊருதுக்கா?" என்பேன். கட்டிக்கொள்ளப் போகிறவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம்; பெயரில் பாதி ஊரின் பெயராக இருந்தால் அந்த ஊரையும் சொல்லக்கூடாது. பரிசம் போட்ட நாளிலிருந்து அக்காவுக்குப் பழனி 'மேற்க இருக்கிற மலை ஊரு' ஆகிவிட்டது, பழனி பஸ் 'மேற்க போற பஸ்சு' ஆகிவிட்டது. நான் வேண்டுமென்றே பழனி, பழனி என்று அவளைச் சுற்றிச் சுற்றிக் குதிப்பேன். அவள் முகம் சிவந்து, "போடி கழுதை" என்று துரத்துவாள். அது எங்களுக்கு விளையாட்டாக இருந்தது.

போட்டியன்று அக்கா கஞ்சி போட்ட தாவணியில் மேடையேற, அம்மாவும் நானும் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தோம். பக்கத்தில், ஆத்தூரிலிருந்து வந்திருந்த அத்தை. வருங்கால மருமகள் மேடையேறுகிறாள் என்று கேள்விப்பட்டு அதிகாலைப் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். பெருமைக்காகவா, வேவு பார்க்கவா என்பது அவளுக்கே தெரிந்திருக்காது. அப்பா பின்னால் ஆண்களோடு நின்றிருந்தார். மேடையில் வலப்பக்கம் பையன்கள், இடப்பக்கம் பெண்கள், ஒவ்வொருவர் முன்னாலும் தட்டினால் 'டிங்' என்கிற மேஜை மணி. யார் முதலில் தட்டுகிறாரோ அவர் பதில் சொல்லலாம்.

அன்றைக்கு நான் பார்த்ததை இன்றுவரை மறக்கவில்லை. கேள்வி பாதியில் இருக்கும்போதே பையன்கள் மணியைத் தட்டினார்கள். எழுந்து நின்ற பிறகுதான் பதிலை யோசித்தார்கள். தப்பாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள், கூட்டமும் கூடவே சிரித்தது, அடுத்த கேள்விக்கு அதே பையன் மறுபடியும் தட்டினான். பெண்களோ கேள்வி முழுக்க முடிந்து, பதில் நூற்றுக்கு நூறு நிச்சயமாகி, தாவணித் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அதற்குப் பிறகுதான் மணியைத் தொட்டார்கள். தொட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், அவர்கள் யாரும் தட்டவில்லை. சரியான பதிலைக்கூடக் கேள்வி கேட்பது போலத்தான் சொன்னார்கள். வீட்டில் ஆண்பிள்ளை துடுக்காகப் பேசினால் 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பார்கள். அதையே நாங்கள் பேசினால் 'வாயாடி', 'முந்திரிக்கொட்டை'. இந்தப் பாடத்தைப் பிறந்ததிலிருந்து படித்தவர்கள் மணியை எப்படித் தட்டுவார்கள்?

அப்படியும் அக்கா ஏறிக்கொண்டே வந்தாள். பையன்கள் தப்புத் தப்பாகச் சொல்லி ஓய்ந்த கேள்விகளையெல்லாம் பொறுமையாக வாங்கிச் சரியாகச் சொன்னாள். கடைசியில் அவளும் கண்ணாடி போட்ட ஒரு பையனும் சம மதிப்பெண்ணில் நின்றார்கள். முடிவுக்கு ஒரு கேள்வி, சீட்டுக் குலுக்கியதில் முதல் வாய்ப்பு அக்காவுக்கு வந்தது. கேள்வி கேட்ட தமிழையா சீட்டைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "உனக்கு அதிர்ஷ்டம்மா, கைக்குழந்தைகூடச் சொல்லும்" என்றார். "முருகனின் மூன்றாம் படைவீடு எந்த ஊர்?"

மண்டபமே சிரித்தது. திண்டுக்கல்லில் கேட்கிற கேள்வியா இது! பாத யாத்திரைக் கூட்டம் வருஷாவருஷம் நம் வாசல் வழியாகத்தானே போகிறது. நான் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

அக்கா எழுந்தாள். தரையைப் பார்த்தாள். "மேற்க இருக்கிற மலை ஊருங்கய்யா" என்றாள்.

"ஊர்ப் பேரைச் சொல்லும்மா."

"தண்டாயுதபாணி சாமி இருக்கிற ஊருங்கய்யா."

"அதேதான். அதுக்குப் பேரு?"

முதலில் புரிந்துகொண்டது பெண்கள் வரிசைதான். "அடியாத்தீ, கட்டிக்கப்போறவன் பேரு போல" என்று யாரோ சொல்ல, அது காதுக்குக் காது தாவி ஆண்கள் பக்கம் போனது, அங்கே பெரிய சிரிப்பாக வெடித்தது. மேடையில் பரிசு கொடுக்க வந்திருந்த டாக்டரம்மா மட்டும், "எழுதிக் காட்டட்டுமே" என்றார். நடுவராக இருந்த வக்கீல் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "பொண்ணுக்குத் தெரியும்கிறது எங்களுக்கும் தெரியுது. ஆனா இது வாய்மொழிப் போட்டி. வாயால சொல்லணும்." எல்லோரும் காத்திருந்தார்கள். அக்காவின் உதடுகள் ஒரு முறை ஒட்டிப் பிரிந்தன. அவ்வளவுதான். கண்ணாடிப் பையன் எழுந்து "பழனி!" என்று கத்தினான். கைதட்டலில் கூரை ஓடு பெயர்ந்துவிடும் போலிருந்தது.

வெளியே வந்ததும் அத்தை கனகாம்பரம் வாங்கி அக்கா தலையில் தன் கையாலேயே வைத்தாள். "தம்பி, பாத்தியாடா எம் மருமக குணத்தை! அம்புட்டுப் பேரு முன்னால, பரிசே போனாலும் போகுதுன்னு நின்னாளே! எந்தப் படிப்புல வரும் இந்தக் குணம்?" என்று தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஜெயிச்சாத்தான்னு சொன்னேன். நான் வாக்கு மாறுற ஆளில்ல" என்றார். அக்காவின் தோல்வியை எங்கள் குடும்பம் ஒரு கல்யாண விசேஷம் போலக் கொண்டாடியது. தை மாதத்தில் முகூர்த்தம் வைத்தார்கள்.

மறுநாள் கிணற்றடியில் நான் அழுதுகொண்டே கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. அவள் அழவில்லை.

"சொல்லணும்னுதான்டி நின்னேன். அத்தை இருக்காகன்னு பயமில்ல, ஒண்ணுமில்ல. மனசுக்குள்ள சொல்லிட்டேன். வாய்தான் வரல."

ஊர் அதைக் குணம் என்றது. அது குணமும் இல்லை, பயமும் இல்லை. சொந்த வாயே அவளுக்குச் சொந்தமில்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். இதைவிடப் பெரிய திருட்டை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. திருடினவர்கள் அத்தனை பேரும் அவள்மேல் பாசம் உள்ளவர்கள் என்பதால் யாரைப் பிடித்து என்ன கேட்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, மூன்று பிள்ளைகளும் பிறந்த பிறகு, ஒரு பொங்கலுக்கு நான் ஆத்தூர் போயிருந்தபோது மச்சான் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கதையை எடுத்தார். "சொல்லியிருக்கலாம்ல இவ? பேருதானே? நான் என்ன செத்தா போயிருவேன்? ரெண்டு வருசம்னா நானும் காத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்" என்று வெள்ளந்தியாகச் சிரித்தார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை இலைக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மச்சான் காலமாகிவிட்டார். அக்கா இப்போது திண்டுக்கல்லில் மகன் வீட்டில் இருக்கிறாள். நான் அடிக்கடி போய் அவளோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் வினாடி வினா பார்ப்பேன். அந்த ஓட்டுக்கூரை மண்டபம் இப்போது இல்லை, அந்த இடத்தில் கடைகள் வந்துவிட்டன. இந்தக் காலத்துப் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள், எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்தப் பெட்டிக்குள் ஆண்கள் தெரியாததைத் தெரிந்தது போல அடித்துவிட்டுச் சிரிக்கிறார்கள், தெரிந்த பெண்ணின் விரல் பொத்தானுக்கு மேலேயே நிற்கிறது, பதில் சொன்ன பிறகும் "சரியா சார்?" என்று கேட்கிறாள். எனக்குப் பொறுக்காது, "அழுத்துடி, அழுத்தித் தொலை!" என்று கத்திவிடுவேன். மண்டபம் போனது, வழக்கம் போனது என்று வருத்தப்பட எனக்கு ஒன்றுமில்லை. போனது ஒரு டீச்சர். எங்கேயாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் சொல்லியிருக்க வேண்டியவள். அப்படி ஒருத்தி இருந்ததேயில்லை என்பதால் அவளைத் தேடுவதற்கும் ஆளில்லை.

போன வாரம் ஒரு கேள்விக்குப் பெட்டியில் இருந்த யாருக்குமே பதில் தெரியவில்லை. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"சொல்லேன்."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாருடி கேக்குறா?" என்றாள்.