ஏழாவது அன்னம்

கன்னியம்மாளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஊரில் பாதிப் பேர் "பாவம்" என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு நாட்டையே பத்து வருஷம் ஆட்டிப்படைத்தவனைக் கூண்டில் வைத்து வாயடைக்கச் செய்தவள் எப்படிப் பாவமாவாள்? அவள் சேவூரில் பட்டு நெய்கிறவள். நான் ஆரணியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவன். அவளுக்காக இங்கிலீஷில் கடிதங்கள் அடித்து, கடைசியில் அவளோடு விமானமும் ஏறியவன். அதனால் நானே சொல்கிறேன்.

1972இல் அவள் கல்யாணத்துக்கு முந்தின மாதம், ஒரு முதலாளிக்காகப் புடவையும் அங்கவஸ்திரமும் நெய்தாள். கரை நெடுக அன்னங்கள் வரிசையாக நடக்க வேண்டும். கரையில் உருவம் விழவைக்கிற, துளை போட்ட ஜக்கார்டு அட்டைகளைத் தறியில் கோத்தது அவள்தான். ஏழு அன்னத்துக்கான அட்டைகளில், கடைசி அன்னத்தின் அட்டைகளை மட்டும் தலைகீழ் வரிசையில் கோத்துவிட்டாள். ஆறு அன்னம் முன்னால் பார்த்து நடக்க, ஒவ்வொரு ஏழாவது அன்னமும் பின்னால் திரும்பி நின்றது. அறுத்து இறக்கிய பிறகுதான் அவள் கண்ணில் பட்டது. மனசு தறியில் இருந்தால்தானே! "இத எவன் வாங்குவான்?" என்று முதலாளி இரண்டையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டார். மறுநாளே அட்டையைப் பிரித்துச் சரியாகக் கோத்தாள். அந்தப் புடவையும் அங்கவஸ்திரமும்தான் கல்யாணத்துக்கு ஆனது.

மாப்பிள்ளை ஜெயவேல் கணக்கு வாத்தியார். "ஏழாவது மட்டும் உன்ன மாதிரியே திரும்பித் திரும்பிப் பாத்துகினு போவுது பாரு" என்று அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பான்.

1974இல் அவனுக்கு ஆப்பிரிக்காவில் வேலை கிடைத்தது. நாட்டின் பேர் வேண்டாம். அந்த ஜனங்களும் நம்மைப் போல வயிறெரிந்தவர்கள்தான். இரண்டாம் வருஷம் அங்கே ராணுவம் அவன் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேரை இழுத்துப்போனது. மறுநாள் காலை ஜெயவேல் வேட்டி கட்டி, அந்த அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை விடச் சொல்லிக் கேட்க அதிபர் மாளிகைக்குப் போனான். திரும்பவில்லை. பள்ளித் தலைமையாசிரியர் எழுதித்தான் இதுவே தெரிந்தது. காரியம் பண்ணிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது கன்னியம்மாள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"அவர இன்னா பண்ணான்னு அந்த அதிபரே வாயத் தொறந்து சொல்லட்டும். அப்புறம் கழட்டறேன்."

1979இல் அதிபரைத் துரத்திவிட்டார்கள். ஓடியவனைப் பிடித்துவந்து வழக்குப் போட இன்னும் மூன்று வருஷம் ஆனது. ஆயிரக்கணக்கான கொலைகள். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே பதில்: "கைதானவர்களில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கீழே இருந்தவர்கள் செய்தது."

அந்தச் செய்தி ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. கூடவே அவனுடைய பழைய படம். அடியில் போட்டிருந்த தேதி, ஜெயவேல் காணாமல் போன இரண்டாம் நாள். அதிபர் மாளிகை மாடத்தில் நின்று சிரிக்கிறான். ராணுவ உடுப்பு, தோளில் ஒரு பட்டுத்துணி. என் இன்ஸ்டிட்யூட்டில் அதைப் பார்த்த கன்னியம்மாள் பூதக்கண்ணாடி கேட்டாள். அந்தத் துணியின் கரையை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"சார், ஏழாவது திரும்பிகினு இருக்குது சார்."

நீதிமன்றத்துக்கு எழுதினோம். மாளிகை அலமாரியில் தேடி எடுத்துவிட்டோம், கல்யாணப் புடவையோடு வாருங்கள் என்று பதிலும் டிக்கெட்டும் வந்தன. 1983இல் போனோம்.

கூண்டில் நாற்காலி போட்டு அவனை உட்கார வைத்திருந்தார்கள். தூங்கி வழிந்துகொண்டிருந்தான். அவனுடைய வக்கீல் எழுந்து, இந்தியாவில் இப்படித் துணி ஆயிரம் கடையில் கிடைக்காதா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். கன்னியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லது கெடைக்கும். தப்பா நெய்ஞ்சத எந்தக் கடையில விப்பாங்க? இது வேணான்னு தள்ளுனதுங்க. உலகத்துலயே ரெண்டுதான். ஒண்ணு என் ஊட்டுப் பொட்டியில இருந்திச்சி. இன்னொண்ண என் ஊட்டுக்காரர் தோள்லேருந்து உருவாம, இவன் எப்டி போட்டுகினான்?"

புடவையும் அங்கவஸ்திரமும் ஒரே மேஜையில் விரிந்தன. நீதிபதி இறங்கி வந்து விரலால் எண்ணினார். ஏழு, பதினாலு, இருபத்தொன்று. அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. வக்கீலைப் பார்த்தான், அவர் காகிதத்தைப் பார்த்தார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட இல்லை.

நாலு நாள் கழித்து அவன் வாயைத் திறந்தான். அந்த வாத்தியாரை முன்னால் நிறுத்திப் பேசியதும், துணி அழகாக இருக்கிறதென்று வாங்கிக்கொண்டதும், பின்கட்டுக்கு அனுப்பச் சொன்னதும் உண்மை என்றான். பின்கட்டுக்குப் போனவர்கள் யாரும் திரும்பியதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கன்னியம்மாள் எழுந்து நின்று, அவன் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் இழுத்துத் தமிழில் திட்டினாள். என்ன சொல்கிறார் என்று நீதிபதி கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

ஊர் திரும்பித் தாலியைக் கழற்றினாள், காரியமும் நடந்தது. பிறகு தீர்ப்பு வந்தது: ஆயுள் முழுக்கத் தனிச்சிறை. புது அரசாங்கம் தூக்குத் தண்டனையை எடுத்துவிட்டதாம்.

"சோறு போட்டு வளக்கப் போறாங்களா? இதுக்கா சார் அவ்ளோ தூரம் போனோம்?" என்று என்னிடம்தான் எரிந்து விழுந்தாள். மூன்று வருஷம் தினமும் பேப்பரில் அவன் சாவைத் தேடினாள்.

1986 ஆடியில் அவன் செய்தி வந்தது. ஜன்னல் இல்லாத அறையில் இனி இருக்க முடியாது, தயவுசெய்து என்னைச் சுட்டுக் கொன்றுவிடுங்கள் என்று அழுது மனுப் போட்டிருந்தான். நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. நான் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். கன்னியம்மாள் சிரித்தாள். பத்து வருஷத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு படவேட்டுக்குப் பஸ் ஏறினாள். ரேணுகாம்பாள் சன்னதியில் தேங்காய்த் தட்டை நீட்டி அர்ச்சனை என்றாள். பூசாரி பேர் கேட்டார். அவன் பேரைச் சொன்னாள். அவர் வாயில் நுழையவில்லை, மறுபடி நிறுத்திச் சொன்னாள்.

"ஆயுசு கெட்டியா இருக்கணும்னு வேண்டிக்கோங்க சாமி. நூறு வயசு. ஒரு நாள்கூடக் கொறையக் கூடாது."

"ஊட்டுக்காரராம்மா?"

"இல்ல சாமி. அவரக் கொன்னவன்."

பூசாரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் கற்பூரத்தை ஏற்றினார்.