ஏத்தியாச்சு!

“அப்பா, கார்டுல கேம் ஏத்தியாச்சு!” என்று மகள் என் பழைய வீடியோ கேமை நீட்டினாள். எனக்கு ஒரு கார்த்திகை தீபம் நினைவுக்கு வந்தது, பிள்ளைகளே.

அன்று அண்ணன் மெமரி கார்டைச் சொருகியதும் இதே திரையில் கேம் ஓடியது. “ஏத்தியாச்சு!” என்று கத்தினேன். மலையில் தீபம் ஏற்றிய பிறகுதான் எங்கள் ஊரில் வீட்டு விளக்கை ஏற்றுவார்கள். வாசலில் குனிந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, சட்டென்று அகலை ஏற்றிவிட்டார். நிமிர்ந்து பார்த்தால், மலை இருட்டாக இருந்தது.

“எங்கடா ஏத்துனாங்க?”

“கேமைச் சொன்னேம்மா.”

“பாவி! இப்ப இத அணைக்கறதா, உடறதா?”

ஏற்றிய விளக்கை அணைப்பதும் தப்பு, மலையை முந்துவதும் தப்பு.

“மலைக்குத் தெரியாம மறைச்சிக்கினு குந்துடா!”

மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பின்னால் ‘அரோகரா’ சத்தம் எழுந்தது. அம்மா கைகூப்பிவிட்டார். நான் திரும்பலாமா, கூடாதா என்று யாருமே சொல்லவில்லை.