தவிட்டுக்கு வாங்கிய பெண்

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு விசித்திரம். காலையில் மணி அடித்ததும் ஏழு வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, தன்னிடம் என்ன சிறப்பு என்று தானே சொல்ல வேண்டும். "நான் வேகமாக ஓடுவேன்", "என் சிரிப்பு அழகு" என்று கூச்சமே இல்லாமல் சொல்கிறார்கள். மற்ற பிள்ளைகள் கை தட்டுகிறார்கள்! டொராண்டோவில் எங்களுக்கு இது மூன்றாவது குளிர்காலம். பனிகூடப் பழகிவிட்டது, இது மட்டும் பழகவில்லை. எங்கள் ஊர் பென்னலூரில் நான் இப்படி எழுந்து நின்று பேசியிருந்தால், சுற்றிப் போட அம்மா மிளகாயைத் தேடி ஓடியிருப்பாள்.

போன மாதம் என் மகள் மீனாவின் டீச்சர் மிஸ் கேரல் என்னை வரச் சொன்னார். பிள்ளைகள் தங்களையே நாயகராக வைத்து ஆளுக்கொரு கதைப்புத்தகம் எழுதுகிறார்களாம், தங்கள்மேல் நம்பிக்கை வளர்வதற்காக. மீனாவின் கதைதான் வகுப்பிலேயே பிரமாதம் என்றார். பக்கத்தில் மீனா முகமெல்லாம் பூரிப்பாக நின்றாள். எனக்கோ பகீரென்றது. இப்படிப் பட்டவர்த்தனமாகச் சொன்னால் கண் பட்டுவிடாதா? "அதெல்லாம் ஒன்றுமில்லை மேடம், இவள் சரியான மக்கு, சோம்பேறி" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். ஊரில் எந்தத் தாயும் சொல்வதுதான். மிஸ் கேரல் சிரிக்கவில்லை. "நிஜமாகவே அப்படி நினைக்கிறீர்களா?" என்றார். நான் பணிவாக "எஸ், எஸ்" என்றேன்.

அன்றிலிருந்து மீனா அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. கடைசிப் பக்கம் காலியாகக் கிடந்தது. கேட்டால், "நான் மக்குதானேம்மா, எதுக்கு எழுதணும்?" என்றாள். என் கணவர் வாலாஜாபாத்துக்காரர், விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா குப்பு இது? கொழந்த எதிர்லயே சொல்லிட்டு வந்துகிறியே!"

எதிரில் சொன்னால் என்ன? என் அம்மாவும் அப்படித்தான். ஸ்ரீபெரும்புதூர் ஹைஸ்கூலில் நான் முதலாவதாக வந்த அன்று, கிணற்றடியில் கேட்டவர்களிடம், "ஏதோ தப்பித் தவறி பாஸாயிட்ச்சி" என்றாள். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, என் இரண்டு கன்னத்தையும் பிடித்து முத்தமாகக் கொட்டினாள். அதை நினைத்ததும் எனக்குச் சுருக்கென்றது. வெளியே குறை சொன்ன நான், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக் கொஞ்ச மறந்துவிட்டேன்.

மறுநாளே போய், வகுப்பில் நானும் ஒரு கதை சொல்லலாமா என்று கேட்டேன். மிஸ் கேரல் சந்தோஷமாகச் சம்மதித்தார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். மீனா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை என்று தொடங்கினேன். நான் பிறந்ததும் அம்மா என்னை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டாள் என்றதும் மிஸ் கேரலின் முகம் வெளுத்துப்போனது. நிறுத்தவே இல்லை நான். பக்கத்து வீட்டு அஞ்சலை வந்து, "யார் வூட்டுக் கொழந்தமே இது, குப்பையில கெடக்குது? நான் எடுத்துக்கினு போறேன்!" என்று கத்தினாள். அம்மா பின்னாலேயே ஓடி, "எனக்குக் குடும்மே, படி தவுடு தரேன்!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். எல்லாம் எமன் காதில் விழத்தான். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை நமக்கெதற்கு என்று அவன் போய்விட வேண்டுமே! அதனால்தான் எனக்குக் குப்பம்மாள் என்று பெயர். அதுவரை இங்கே கேட்டவர்களிடமெல்லாம் அது ஒரு பூவின் பெயர் என்று புளுகிக்கொண்டிருந்தேன்.

"அப்போ எமன் ஏமாந்துட்டானா?" என்று ஒரு சிறுமி துள்ளி எழுந்தாள். "நல்லா ஏமாந்தான்!" என்றேன். வகுப்பே கை தட்டிக் கூத்தடித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே மீனா நிமிர்ந்து என்னையே பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்துக் குனிந்து எழுதினாள்.

அந்தக் கடைசிப் பக்கத்தை மிஸ் கேரல்தான் வாசித்தார்: "அம்மா என்னை மக்கு என்று சொன்னாள். என்னை இழக்க அவ்வளவு பயம் அவளுக்கு." எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லோர் முன்னாலும், "மை மீனா இஸ் வெரி கிளவர், வெரி பியூட்டிஃபுல்" என்று உரக்கச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் என் இரண்டு கைகளும் அவள் கன்னத்தை வழித்து, என் நெற்றியோரத்தில் படபடவென்று நெட்டி முறித்துக்கொண்டிருந்தன.