கால் அரிக்குது

எங்க வீட்டுக்காரருக்குக் கடலில் முங்கி வேலை. குமரிக் கரையில் பிறந்தவர்; பிழைப்புக்காக என்னையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே கரையை விட்டுத் தள்ளிக் கடலுக்குள் ஓர் இரும்புக் கோபுரம் நட்டார்கள். காற்றை அளக்கவாம். சரிப்பட்டால் கடலிலேயே காற்றாலை வைப்பார்களாம். ஆரல்வாய்மொழியில் நட்டது போதாதா என்று கேட்டேன். சோறு போடுகிற வேலையைக் கிண்டல் பண்ணாதே என்றார்.

கோபுரத்துக்கு நாலு கால். கடலடி மணலில் அடித்து இறக்கிய தடித்த குழாய்களைத்தான் முங்குகிறவர்கள் கால் என்பார்கள். கால் குறுக்கே நிற்பதால் அடியில் ஓடும் நீரோட்டம் அதைச் சுற்றிக்கொண்டு போகும், போகிற போக்கில் மணலை அரித்துத் தோண்டும். கரையில் அலை வடியும்போது நம் குதிகாலுக்கடியில் மணல் நழுவுமே, அதே கதைதான். மழைக்காலம் தொடங்கியதும் அவர் இறங்கித் தடவிப் பார்த்தார். ஒரு காலைச் சுற்றி ஆள் ஆழத்துக்குக் குழி. கல் கொட்டி மூடாவிட்டால் கோபுரம் நிற்காது என்றார்.

அன்றே டெலிபோன் பூத்திலிருந்து ஆரியசாலையில் இருந்த காண்ட்ராக்டர் ஆபீசுக்குப் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மழை இரைச்சலில் பாதி கேட்கவில்லை. "சார், கால் அரிக்குது. ரொம்ப மோசம். நாளைக்கு எறங்க முடியாது" என்று கத்தினார். அந்தப் பக்கம் மேனேஜர். அவரும் தமிழர்தான், நகரத்துக் கோட்டைக்குள் பிறந்து ஃபைலுக்குள் வளர்ந்தவர். கடலில் முழங்கால் நனைத்திருப்பாரோ என்னவோ.

சாயங்காலம் மலையாளத்து ஆபீஸ் டிரைவர் வந்து ஒரு டப்பா கொடுத்தார். சொறிக்குப் போடுகிற களிம்பு. "சார் தந்து விட்டதாக்கும். கால்ல தேச்சிட்டு நாளைக்கு வேலைக்கு வரணும், கேட்டோ." எங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

காலையில் நேரில் சொல்லப் போனார். வேலைக்கு மடி, சோம்பேறி சாக்குச் சொல்கிறான் என்று மேனேஜர் அதற்குள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார், நாசமாய்ப் போகிறவர். கூட்டாளிகள் முன்னால் அதைக் கேட்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. குழியை அளந்தே காட்டுகிறேன் என்று கோபுரத்துக்குப் போய்க் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். கோபுரம் சாய்ந்தது. மேலே நின்றவர்கள் குதித்து நீந்தினார்கள். அடியில் இருந்தவரை மறுநாள்தான் எடுத்தார்கள்.

விசாரணையில் மேனேஜர் பவ்யமாக எழுந்தார். காலில் சுகமில்லை என்று அவரே போன் பண்ணினார், சுகமில்லாத காலோடு இறங்கியது அவர் தப்பு என்றார். அவர் கால் இல்லை, கோபுரத்தின் கால் என்று தெரிந்த மலையாளத்தில் கத்தினேன். விசாரித்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. போனில் சொன்னதை அப்படியே சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அதற்கு அர்த்தம் என்ன என்று அவர் கேட்டது மேனேஜரிடம். "காலில் சொறிச்சல்" என்றார் மேனேஜர்.

இதற்காகவே கொண்டு போயிருந்த களிம்பு டப்பாவை மேஜைமேல் வைத்தேன். அவருக்குச் சொறி இருந்திருந்தால் பிரித்திருக்க மாட்டாரா, ஒட்டின தாள்கூடக் கிழியவில்லை, பாருங்கள் என்றேன்.

அதிகாரி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப, கொடுத்த மருந்தைக்கூடப் போடலை, அல்லே?" என்று கேட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.