ஒரே ஒரு அடி

இது நடந்தது. எது முதலில், எது பிறகு என்பதில்தான் எனக்கு இப்போது நிச்சயமில்லை. கேட்டதை மட்டும் மறக்க முடியவில்லை.

என் மனைவி ஜீவராணிக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் மகள் அப்போது கைக்குழந்தை. அவளுக்காக ஜீவராணி ஒரு தாலாட்டுப் பாடினாள். ஹட்டனில் என் ஒலிப்பதிவு அறையில், சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டுப் பதிந்தேன். துளி எதிரொலி இல்லாத வெறும் குரல்.

"ஒபரேசன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் கேக்கணும்ங்க. நம்ம லயத்து வீட்டுல பாடுன மாதிரி இருக்கணும். சினிமாக்காரி மாதிரி ஆக்கிறாதீங்க."

வழக்கமாக நான் பதியும் கிட்டாருக்குக் கணினியில் எந்த ரிவர்பை, அதாவது செயற்கை எதிரொலியை, வைத்தாலும் பொருந்தும். அவள் குரலுக்கு எதுவும் பொருந்தவில்லை. மண்டபத்து எதிரொலியான 'ஹோல்' வைத்தேன், எங்கோ மேடையில் நின்றாள். உலோகத் தகட்டின் எதிரொலியான 'பிளேட்' வைத்தேன், குரல் பளபளத்தது, அவள் இல்லை. ஆகவே அவள் பிறந்த அறையின் எதிரொலியையே எடுத்துவரப் போனேன். அக்கரப்பத்தனையில், மண்சரிவுக்குப் பயந்து காலி செய்த லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. உள்ளே கூர்மையாக ஒரு சத்தம் எழுப்பி, அறை சொல்லும் பதிலைப் பதிந்தால் போதும். கணினி அந்த அறைக்குள் குரலை வைத்துவிடும்.

கைதட்டல் போதவில்லை. பக்கத்து லயத்துக் கந்தப்பன் மாமாவிடம் தப்பு மேளம் கேட்டேன்.

"பொணம் இல்லாத வீட்டுக்குள்ள தப்பா? கிறுக்கா மாப்ள ஒனக்கு?"

"ஒரே அடி மாமா. நாளன்னைக்கு ஜீவாவுக்கு ஒபரேசன்."

கொடுத்தார். வாசற்படி ஏறவில்லை.

அடித்தேன். பதிந்தேன். மேளத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

சத்திரசிகிச்சை நாள். கண்டி ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மாமியார் மீனம்மா வெளியே காத்திருந்தார். நான் ஹட்டனில் பாட்டை முடித்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகல். மழை.

குரலை அந்த அறைக்குள் வைத்தேன். அவளேதான்.

பாட்டு முடிந்தது. எதிரொலி ஒரு நொடியில் அடங்க வேண்டும்.

அடங்கவில்லை...

எதிரொலிக்குள் பெண்கள் அழுதார்கள். பலர். மாரில் அடித்துக்கொண்டு.

ரிவர்பை எடுத்தேன். வெறும் குரலிலும் அதே அழுகை.

அறையின் பதிவை அழித்தேன். அழுகை கூடியது. நடுவில் மீனம்மாவின் குரல்.

"ஜீவா... ஏ ஜீவா..."

மீனம்மாவுக்கு போன் எடுத்தேன். பதில் இல்லை.

மிஞ்சியது ஜீவராணியின் குரல் மட்டும். வேறு பிரதி இல்லை.

அழித்தேன்.

அமைதி...

போன் அடித்தது. மீனம்மா.

"தம்பி... நடுவுல மூச்சு நின்னு போச்சாம். திரும்பி வந்துட்டா."

ஒரு மாதம் கழித்துக் கந்தப்பன் மாமாவைப் பார்த்தேன்.

"நீ போன பொறகும் உள்ள அடி விழுந்துக்கிட்டே இருந்துச்சு மாப்ள. ராப்பகலா. ஒபரேசன் அன்னைக்கு மத்தியானம்தான் நின்னுச்சு."

"மேளம் எங்க மாமா இருந்துச்சு?"

"என் மடியில."

அந்த லயம் அடுத்த மழையில் சரிந்தது. உள்ளே யாரும் இல்லை. கந்தப்பன் மாமா கொழும்பில் மகனோடு இருக்கிறார். ஜீவராணி இருக்கிறாள், சைகையில் பேசுகிறாள். மகள் பாலர் பாடசாலைக்குப் போகிறாள். அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.