கை காட்டும் வளைவு

மலை முகாமில் அவளுக்குப் பெயர் பிரேக்கு. சின்னப் பெண்கள் மரியாதைக்காக ஓர் அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். பிரேக்கு அக்கா என்று முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அவளுடைய வேலை மெதுவாக ஓடுவது.

நெடுந்தூர ஓட்டக்காரிகள் தங்கிப் பயிற்சி எடுக்கும் முகாம் அது. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். கிடைக்கிற காற்றை வைத்துச் சமாளிப்பதற்காக உடம்பு ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும். கூட்டிய ரத்தத்தோடு கீழே இறங்கிப் போட்டியில் ஓடினால் மூச்சு கூடுதலாகத் தாங்கும். மலையேறி வந்து கிடப்பது இதற்காகத்தான். ஆனால் ரத்தம் கூட வாரக்கணக்கில் ஆகும். அதுவரை உடம்பை விரட்டக் கூடாது. புதிதாக வரும் ஒவ்வொருத்தியும் விரட்டுவாள். சமவெளியில் ஓடிய வேகத்திலேயே மலையிலும் ஓடிப் பார்ப்பாள். முதல் வாரம் ஓடியும் விடுவாள். மூன்றாவது வாரத்தில் மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பருவம் அவளுக்கு அதோடு போயிற்று.

அதனால் மெது ஓட்ட நாட்களில் பிரேக்கு முன்னால் ஓடுவாள். அவளை யாரும் முந்தக் கூடாது. பின்னால் வருகிறவர்கள் பேசிக்கொண்டே வர வேண்டும். பேச்சு அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. பேச்சைக் கேட்டுக்கொண்டே போவாள். யாருக்காவது வார்த்தை இரண்டாக உடைந்தால் அவள் கால் இன்னும் கொஞ்சம் அடங்கும்.

"அக்கா, மாடு நம்மள முந்திட்டுப் போகுது" என்பாள் வாயாடி. பேச்சு அறுந்ததே இல்லை என்பதால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர்.

"அதுக்கு அடுத்த மாசம் போட்டி இல்ல. நமக்கு இருக்கு."

"மாட்டுக்குக் கோச்சும் இல்லக்கா. குடுத்து வச்சது."

திரும்பி வரும்போது முகாமுக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு உண்டு. அங்கே அவர்கள் தலை தெரிந்ததும், சமையலறையில் டீ போடட்டும் என்று காவலாளி கம்பியால் இரும்புக் கதவைத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் பிரேக்கு இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுவாள். இனிப் போகலாம் என்று அர்த்தம். அதுவரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்த பெண்கள் அவளைத் தாண்டி வாசல் வரை பாய்வார்கள். அவள் அதே வேகத்தில் பின்னால் வந்து சேர்வாள்.

அவளும் ஒரு காலத்தில் ஓட்டக்காரியாகத்தான் மலையேறினாள். இரண்டு பருவம் தொடர்ந்து மூன்றாவது வாரத்தில் படுத்தாள். "உனக்கு அடக்கி வாசிக்கத் தெரியலம்மா. ஆனா கால் மட்டும் ஒரே சீரா விழுது" என்றார் கோச். அடக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று மெது ஓட்டத்தில் முன்னால் விட்டார். கற்றுக்கொண்டாள். எட்டு வருடமாக அதையே செய்கிறாள்.

முகாமுக்குக் கீழே சாலைத் திருப்பத்தில் அவள் கணவனின் பஞ்சர் கடை. கடைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு அடுப்படி. சுவருக்கு அந்தப் பக்கம் காற்றடிக்கும் கம்ப்ரசர் இருந்ததால் பாத்திரங்கள் அடிக்கடி தாமாக அதிரும். காலையில் எழுந்ததும் விரலில் மாட்டி ரத்தத்தில் காற்று எவ்வளவு என்று பார்க்கும் கிளிப் ஒன்றை முகாமில் கொடுத்திருந்தார்கள். அவள் பார்த்த பிறகு அவனும் மாட்டிப் பார்ப்பான். "பாரு, உனக்கு மேல காட்டுது. நாள் பூரா காத்தடிக்கிறவன் உடம்பு இல்லையா?" என்பான். அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள்.

போன வருடம் அவள் அப்பா இறந்தார். மெது ஓட்டத்தின் நடுவில் செய்தி வந்தது. கோச் வேனை அவள் பக்கமாக ஓட்டி வந்து, கண்ணாடியை இறக்கி, தாழ்ந்த குரலில் சொன்னார். "சரி" என்றாள். "வண்டில ஏறும்மா" என்றார் அவர். "முடிச்சிட்டு வந்துடறேன் சார்" என்றாள். வாசல் வரை அவள் வேகம் மாறவில்லை. வளைவில் கை நீட்டினாள். பெண்கள் பாய்ந்து போனார்கள். அதன் பிறகுதான் ஊருக்குக் கிளம்பினாள்.

வீட்டில் அண்ணன் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். அண்ணிதான் எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டாள். பிரேக்குக்கு அழுகை வரவில்லை. மெல்ல வரும், வழியில்தான் இருக்கிறது என்று நினைத்தாள். "கல்லு மாதிரி நிக்கிறாளே" என்று அம்மா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. மலைக்குத் திரும்பினாள். மாதங்கள் போயின. சாப்பாடு சாப்பாடாக இருந்தது, தூக்கம் தூக்கமாக இருந்தது. அழுகை மட்டும் வந்து சேரவில்லை. வேறு எதுவுமே வந்து சேரவில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. மாமியார் போனில் திட்டுவதும் கணவன் செய்யும் கேலியும் எல்லாம் ஒரே உயரத்தில் விழுந்தன.

வேகப் பயிற்சி மட்டும் மலையில் கிடையாது. மெலிந்த காற்றில் கால் முழு வேகத்துக்குப் போகாது. அதற்காக வாரத்தில் இரண்டு நாள் பெண்களை வேனில் ஏற்றி அடிவாரத்து மைதானத்துக்குக் கொண்டுபோவார்கள். பிரேக்கு தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொள்ளப் போவாள். ஒரு நாள் ஒருத்திக்குக் காய்ச்சல். வரிசையில் ஆள் குறைந்தது. "சும்மா இவங்களோட நில்லு, முடிஞ்ச வரைக்கும் ஓடு" என்றார் கோச்.

எட்டு வருடம் கழித்து அவள் காலை அடக்காமல் விட்டாள். அடிவாரத்தின் கனத்த காற்று கேட்காமலே உள்ளே வந்து நிறைந்தது. எல்லாச் சுற்றுகளையும் வாயாடிக்குப் பக்கத்திலேயே முடித்தாள். கோச் கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளங்கையில் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இப்ப உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தி நாலு சார்."

"யார்கிட்டயும் சொல்லாதே. தேர்வு ஓட்டத்துக்கு உன் பேரையும் குடுத்துடறேன்."

தேர்வு ஓட்டம் பத்தாயிரம் மீட்டர், இருபத்தைந்து சுற்று. முதல் மூன்று பேர் நாட்டு அணிக்குப் போவார்கள். மூன்றுக்குள் வர வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆசை என்ற ஒன்று இருந்ததே அவளுக்கு வியப்பாக இருந்தது. இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள்.

"அணி கெடக்கட்டுங்க. அடக்காம ஒரு தடவை ஓடிப் பாக்கணும். எங்கயாவது வலிக்குதான்னு தெரியணும்."

"அதுக்கு எதுக்கு இருபத்தஞ்சு சுத்து? நான் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டா ஆச்சு."

"கிள்ளிப் பாத்தாச்சு. நானே."

அவன் அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தான். போட்டியன்று கடையைச் சாத்திவிட்டு, நகக்கண்ணில் கிரீஸ் போகாத கையோடு அவளுடன் கீழே இறங்கினான்.

மைதானத்தில் கோச் முகாம் பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னைக்கு யாரும் யாருக்கும் அக்கா கிடையாது. தங்கச்சியும் கிடையாது. புரியுதா?" வாயாடியும், நெட்டை என்று கூப்பிடப்படும் இன்னொருத்தியும் தலையாட்டினார்கள்.

பாதி ஓட்டத்துக்குள் கூட்டம் உதிர்ந்தது. வேறு முகாம்களைச் சேர்ந்த இரண்டு பேர் முன்னால் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால், பார்வைக்கு எட்டும் தூரத்தில் பிரேக்கு. அவள் முதுகுக்குப் பின்னால் வாயாடி, நெட்டை. சுற்றுகள் போயின. முன்னால் இருக்கும் இரண்டு பேருக்கும் இவர்களுக்கும் இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிரேக்குக்கு அதற்கு மேல் கால் வரவில்லை. இருப்பது எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். மூச்சு இரைந்தது. ஆனால் பின்னால் இரைச்சல் கேட்கவில்லை. இரண்டு ஜோடிக் கால்கள், மலைப்பாதையில் கேட்பது போலவே, ஒரு கை தள்ளி அடக்கமாக விழுந்துகொண்டிருந்தன. அவர்கள் முந்த மறந்திருந்தார்கள். முந்தக் கூடாது என்பது அவர்களுடைய கால்களுக்குள் போயிருந்தது.

இப்படியே முடிந்தால் மூன்றாவது இடம் தனக்கு என்று அவளுக்குத் தெரிந்தது.

மூன்று சுற்று மீதி இருந்தபோது பின்னால் வாயாடியின் குரல் கேட்டது.

"அக்கா, போகட்டுமா?"

ஒரு எழுத்தும் உடையாத குரல். இந்த வேகத்தில் இப்படிப் பேச முடிகிறவளிடம் இன்னும் எவ்வளவு மீதி இருக்கும் என்று அந்தக் குரலே சொன்னது. பதில் சொல்லப் பிரேக்கிடம் மூச்சு இல்லை. கை இருந்தது. அதை அவள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். தெரிந்தேதான் வைத்துக்கொண்டாள். வாயாடி இன்னொரு முறை கேட்கவில்லை. பின்னாலேயே வந்தாள்.

இரண்டு சுற்று மீதி. கை அசையவில்லை. கூட்டத்தில் கோச் ஏதோ கத்திக்கொண்டிருந்தார், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. வளைவு நிமிர்ந்தது. கடைசிச் சுற்றுக்கான மணியை அடித்தார்கள்.

இரும்பில் இரும்பு பட்ட சத்தம். அவள் இடது கை பக்கவாட்டில் நீண்டது.

அவள் நினைத்து முடிப்பதற்குள் இரண்டு பெண்களும் தாண்டிப் போய்விட்டார்கள். கையை மடக்கிக்கொண்டாள். வாயாடி கடைசி வளைவில் முன்னால் இருந்தவர்களில் ஒருத்தியைப் பிடித்து இரண்டாவதாக வந்தாள். பிடிபட்டவள் மூன்றாவது. நெட்டை நான்காவது. பிரேக்கு ஐந்தாவது.

வாயாடி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பேச்சே வரவில்லை. கோச்சின் கண்ணும் கலங்கியிருந்தது. "இந்த மனசு யாருக்கும்மா வரும்? உன் இடத்தையே குடுத்திட்டியே" என்றார். அப்படி இல்லை சார் என்று அவள் தொடங்கினாள். அதற்குள் வேறு யாரோ வந்து கை குலுக்கினார்கள். எல்லாரும் அதையே சொன்னார்கள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் "சரி" என்று சொல்லிவிட்டாள்.

மலையேறும் பஸ்ஸில் கணவன் ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தான். இரண்டு திருப்பம் தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினான்.

"கையை நீயா காட்டினியா? தானா போச்சா?"

"தானா."

"அதான பாத்தேன்." எட்டி ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடியபடி, "வலிச்சுதா எங்கயாவது?" என்றான்.

"எப்போ?"

"இருபத்தஞ்சு சுத்துல. எப்பவாச்சும்."

அவள் யோசித்தாள். "கை போனப்புறம்" என்றாள். இடது கையை மடியில் வைத்து வலது கையால் மூடிக்கொண்டாள். அவனும் அதைப் பார்த்தான்.

அடுத்த வாரம் முகாமில் மறுபடி மெது ஓட்டம். நாட்டு அணிக்குப் போவதற்கு முன் கடைசித் தங்கலுக்காக வாயாடியும் மேலே வந்திருந்தாள். எப்போதும்போல் பேசிக்கொண்டே வந்தாள். அணியில் கொடுக்கப் போகும் சட்டையின் நிறம் தனக்குப் பொருந்தாது என்றாள். நெட்டை, "அப்போ எனக்குக் குடுத்துடு" என்றாள். பின்னால் சிரித்தார்கள். பிரேக்கு பேச்சைக் கேட்டுக்கொண்டு முன்னால் போனாள்.

வளைவு வந்தது. காவலாளி கதவைத் தட்டினார்.

பிரேக்கின் தோள் ஒருமுறை துள்ளியது. அவள் கட்டைவிரலை உள்ளே மடக்கி இடது கையை இறுக்கிக்கொண்டாள். நீட்டவில்லை. பின்னால் பேச்சு நின்றது. கால்கள் மட்டும் கேட்டன, ஒரு கை தள்ளி.

கொஞ்ச தூரம் போனதும் வாயாடி, "அக்கா, கை காட்ட மறந்துட்டீங்க" என்றாள்.

"மறக்கல."

யாரும் முந்தவில்லை. அவள் கண் எரிந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. வாசல் வரை அதே வேகத்தில் எல்லாரும் அவள் பின்னாலேயே வந்தார்கள்.