ஷார்ஜாவில் ஒரு ஸ்பானிய ஓவியம்

ஷார்ஜாவில் நவீன ஸ்பானிய ஓவியக் கண்காட்சி. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வரைந்த படம் ஒன்றின் முன் நிற்கிறேன். ஒரு பெண் வானத்தைப் பார்த்துக் கத்துகிறாள். பச்சை பூசிய முகம் ஒரு பக்கமாகக் கோணிக் கிடக்கிறது. வாய் மட்டும் முகத்தில் பாதி.

பக்கத்தில் டியூட்டி முடிந்து சீருடையோடு வந்திருக்கும் யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருவர், பதின்வயது மகளுடன் நிற்கிறார்.

"ஏன் அம்மா, இந்த முகம் இப்பிடி வியர்டா இருக்கு?" என்கிறாள் மகள். பிறகு என்னைப் பார்க்கிறாள்.

"மனசுல இருக்கிற பயத்தை அப்படியே முகத்துல வரையறதும்மா. எக்ஸ்பிரஷனிசம்னு சொல்வாங்க," என்கிறேன்.

"குண்டு போட பொம்பர் வரேக்க ஆக்களின்ர முகம் உப்பிடித்தான் இருக்கும்," என்கிறார் அம்மா, படத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

"நீங்க பாத்தனீங்களா?" என்கிறாள் மகள்.

"என்ர தங்கச்சியைப் பாத்தனான். நான் பங்கர்க் குழிக்குள்ள இருந்தன். அவள் ஓடி வந்து சேரேல்ல."

"உங்களுக்குத் தங்கச்சியா? எனக்குச் சொல்லவே இல்லையே!"

அம்மா அங்கே கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டுகிறார்.

"இதில இரு, சொல்லுறன்."

நான் அடுத்த அறைக்கு நகர்கிறேன்.